ஒதுக்கமும் ஒதுக்கீடும்: மட்டாஞ்சேரியை முன்னிட்டுப் பெருந்தொற்றுக் காலச் செலவு மதிப்பீட்டின் வரலாறு

2020 பிப்ரவரி 7 ஆம் நாள் கேரள அரசிடமிருந்து இரண்டு அறிவிப்புகள் வெளிவந்தன. சட்டப்பேரவையில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் 2020-21 ஆம் ஆண்டிற்குரிய நிதிநிலை அறிக்கையை அளித்தார். கொரோனாத் தொற்றினை மாநிலப் பேரிடர் என்று பிப்ரவரி 3 அன்று அறிவித்திருந்த அரசு, அவ்வறிவிப்பை அதே 7 ஆம் நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தியாவின் முதல் நோயாளி சனவரி 30 அன்று திருச்சூரில் கண்டறியப்பட்டிருந்தார். தொடர்ந்து ஆலப்புழையிலும் காசர்கோட்டிலும் ஒவ்வொருவர். மூவரும் வூகானிலிருந்து திரும்பிய மாணவர்கள். அவர்களுக்குப் பின் புதியவர் எவரும் அதுவரை கண்டறியப்படவில்லை. ஆகவே அன்று கைவசம் இருந்த செய்திகளின் அளவில் இரண்டு அறிவிப்புகளும் பிழையற்றவை எனலாம். ஆறு வாரங்களுக்குள் இரண்டும் பொருளிழந்தன.

அரசின் செலவுத் திட்டம் என்பது இயல்பாகவே வருங்காலத்தைப் பற்றிய ஒரு கூற்று. அதன் வினைமுற்றுகள் எதிர்காலத்தில் அமைவன. ஆனால் அதன் எண்களோ நிகழ்ந்து முடிந்தவை போன்ற உறுதியுடன் அச்சேறுகின்றன. கொள்ளைநோய்க் காலத்தில் இம்முரண் வெளிப்படையாகிறது. அறியாத ஒன்றிற்கு எவ்வாறு பொருள் ஒதுக்குவது என்னும் வினாவை ஆட்சியாளர் எதிர்கொண்ட முறையும், அதற்கென அவர்கள் கையாண்ட சொற்களும், அச்சொற்களைத் தமிழிற்கும் மலையாளத்திற்கும் இடையே கொண்டு செல்வோர் அடையும் இடர்ப்பாடும் ஈண்டு ஆராயப்படுகின்றன. கொச்சி மாநகரின் மட்டாஞ்சேரிப் பகுதி இவ்வாய்வின் களமாகக் கொள்ளப்பட்டுள்ளது. கொங்கணி, குசராத்தி, கச்சி, தக்கினி உருது, கன்னடம், மராத்தி, தமிழ் ஆகியன மலையாளத்துடன் அருகருகே வழங்கும் சிறு நிலப்பரப்பு அது. அரசின் ஒரு சொல் அங்கே பல மொழிகளின் செவியில் விழுகிறது.

ஒரே ஊர், இரண்டு கருவூலம்

மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் இன்று ஒரே மாநகராட்சியின் பகுதிகள். நெடுங்காலம் அவை இரண்டு அரசுகளின் கீழ் இருந்தன. கோட்டைக் கொச்சியை ஆங்கிலேயர் 1795 இல் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். பின்னர் அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த 'பிரிட்டிஷ் கொச்சி' ஆயிற்று. 1866 இல் நகராட்சி பெற்றது. 1555 இல் போர்த்துகீசியர் கட்டி அளித்த அரண்மனையை உடைய மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் ஆட்சியில் நிலைத்தது. அங்கும் எறணாகுளத்திலும் நகர மன்றங்கள் 1896 இல் தோன்றின. பம்பாயில் பிளேக்கு நோய் வெளிப்பட்ட ஆண்டும் அதுவே. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இந்திய அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. கொச்சியும் திருவிதாங்கூரும் தத்தமக்கெனத் தனிச் சட்டங்களை அந்நூற்றாண்டின் இறுதியாண்டுகளிலேயே ஆக்கிக்கொண்டன. இம்மூன்று சட்டங்களும் 2020 மார்ச்சு இறுதிவரை கேரளத்தின் மூன்று பகுதிகளில் தனித்தனியே வழக்கில் இருந்தன என்பது பலரும் அறியாத செய்தி. கோவிட் வந்த பின்னரே ஓர் அவசரச் சட்டம் அவற்றை ஒன்றாக்கியது.

சட்டம் இரண்டானது போலவே கணக்காண்டும் இரண்டாயிற்று. பிரிட்டிஷ் கொச்சியின் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச்சு வரை. கொச்சி அரசின் ஆட்சி அறிக்கைகள் கொல்லம் ஆண்டைப் பின்பற்றின. அது சிங்க மாதத்தில், அஃதாவது ஆகத்து நடுவில் தொடங்குவது. 1918 ஆம் ஆண்டின் இன்புளுயன்சா கொள்ளைநோயை இவ்விரு நாட்காட்டிகளின் மீது வைத்துப் பார்த்தல் பயனுடையது. அந்நோய் சூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் முதலில் தென்பட்டது. உயிரை வாரிக்கொண்டு போன இரண்டாம் அலை செப்டம்பருக்குப் பிறகு வந்தது. இந்தியாவில் மட்டும் 1.2 கோடி முதல் 1.8 கோடிப் பேர் வரை இறந்திருக்கலாம் என மதிப்பிடுவர். கொச்சி அரசுக்கு அது கொல்லம் 1094 இன் தொடக்கம். அவ்வாண்டு மதிப்பீட்டின் மை உலர்ந்த பொழுது. சென்னை அரசுக்கோ 1918-19 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பாதி செலவாகிவிட்ட நிலை. நோய் ஒன்றே. எனினும் ஒரு தெருவின் இப்பக்கத்தில் அது முழு ஆண்டின் திட்டத்தையும், அப்பக்கத்தில் அரையாண்டின் மிச்சத்தையும் தாக்கியது. பர்மா அரிசியை நம்பியிருந்த அக்கரையோரத்தில் அதே மாதங்களில் அரிசி விலையும் ஏறியது. கணக்காண்டு எங்கே தொடங்குகிறது என்பது எழுத்தர் வசதிக்குரிய சிறு செய்தியன்று. எதிர்பாராத செலவைத் தாங்க எவ்வளவு காலம் எஞ்சியிருக்கிறது என்பதை அதுவே முடிவுசெய்கிறது.

இடையே ஒன்று குறிக்கத்தக்கது. கொச்சியில் 'புதுவைப்பு' என்றொரு ஆண்டுக் கணக்கும் வழங்கியது. 1341 இல் பெரியாற்று வெள்ளத்தால் வைப்பின் தீவு உருவாகிக் கொச்சித் துறைமுகம் வாய்திறந்ததிலிருந்து எண்ணப்படுவது அது. பேரிடர் ஒன்றையே ஆண்டின் முதலாகக் கொண்ட நாடு அது.

கோட்டைக் கொச்சி 1950 இல் திருவிதாங்கூர்-கொச்சியுடன் சேர்க்கப்பட்டது. 1967 நவம்பர் 1 அன்று கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எறணாகுளம் நகராட்சிகள் இணைந்து கொச்சி மாநகராட்சி ஆயின. இரட்டைக் கணக்கு அத்துடன் முடிந்தது.

வகுத்தலும் அடங்கலும்

இந்திய அரசியலமைப்பில் 'பட்ஜெட்' என்னும் சொல் இல்லை. நடுவணரசுக்கு 112 ஆம் உறுப்பும் மாநிலங்களுக்கு 202 ஆம் உறுப்பும் 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' ஒன்றையே வேண்டுகின்றன. பட்ஜெட் என்பது தோல்பை எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. மலையாளம் அச்சொல்லையே ஏற்றுக்கொண்டது. தமிழ் 'வரவு செலவுத் திட்டம்' என்றும் 'நிதிநிலை அறிக்கை' என்றும் இரு தொடர்களை வழங்குகிறது. இவை ஒருபொருட் கிளவிகள் போலத் தோன்றினும் அவ்வாறல்ல. திட்டம் எதிர்காலத்தையும் நிலை நிகழ்காலத்தையும் சுட்டுவன. பெருந்தொற்று ஆண்டில் அரசு அளித்தது திட்டமா நிலையா என்ற வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

தமிழில் பொருளை ஒதுக்குகிறோம், நோயாளியையும் ஒதுக்குகிறோம். 'நிதி ஒதுக்கீடு', 'ஒதுக்கி வைத்தல்' இரண்டிற்கும் வேர் ஒன்றே: பொதுவிலிருந்து பிரித்து ஓரிடத்தில் நிறுத்துதல். ஊருக்கு ஒதுக்குப்புறம் என்னும் வழக்கும் அதன்பாற்பட்டதே. மலையாளத்தில் 'ஒதுக்குக' என்பதற்கு அடக்குதல், செறிவாக்குதல் என்பன பொருள். பணம் ஒதுக்குதற்கு அம்மொழியில் 'வகயிருத்துக' என்பதே வழக்கு. ஒவ்வொரு செலவு வகையின் எதிரிலும் ஒரு தொகையை இருத்துதல். தமிழில் அரசின் பொருட்செயல்களுள் இறுதியாக 'வகுத்தல்' கூறப்படும் பழைய மரபு இதனோடு நெருங்கிய உறவுடையது. ஆயின் அவ்வேரிலிருந்து கிளைத்த 'வகுப்பு' இரு மொழிகளிலும் பிரிந்து சென்றுவிட்டது. மலையாளத்தில் அது அரசுத் துறையையும் சட்டப் பிரிவையும் குறிக்கும். தமிழில் மாணவர் வகுப்பையும் மக்கட் பிரிவையும் குறிக்கும். 'தனகார்ய வகுப்பு' என்பதை நிதித்துறை என்று பெயர்க்காது எழுத்துப் பெயர்ப்பாக விடுவோர், தமிழ் வாசகனைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பிவிடுகின்றனர்.

'அடங்கல்' இன்னும் சுவையான சொல். தமிழகத்தில் அது வருவாய்த்துறையின் ஊர்க் கணக்கு. எந்தப் புலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்பதைப் பசலி ஆண்டுதோறும் பதிவது; கண்டதை எழுதுவது. மலையாளத்தில் 'அடங்கல் துக' என்றால் ஒரு பணிக்கு ஆகும் என மதிப்பிடப்பட்ட மொத்தத் தொகை, காணாததை எழுதுவது. ஒரே சொல் எல்லையின் ஒரு பக்கம் விளைந்ததன் பதிவாகவும் மறுபக்கம் வரப்போவதன் கணிப்பாகவும் நிற்கிறது. கேரள அரசாணையொன்றைத் தமிழாக்குபவர் 'அடங்கல்' என்பதை அப்படியே விட்டுவிட்டால், மதிப்பீடு ஒன்று நடந்தேறிய செலவாக மாறிவிடும்.

சட்டமன்றத்தின்முன் வைக்கப்படும் 'மானியக் கோரிக்கை'யும் இத்தகையதே. இறையிலி நிலக்கொடையைக் குறித்த மானியம் இன்று உதவித்தொகைக்கும், சட்டமன்றம் வழங்கும் செலவு அனுமதிக்கும் பொதுவாயிற்று. மலையாளத்தில் இதற்குத் 'தனாப்யர்த்தன' என்று பெயர். பொருளை வேண்டிப் பணிதல் என்னும் அதன் நேர்ப்பொருளில், அரசு மன்றத்தின்முன் கையேந்தி நிற்கும் தோற்றம் இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் அத்தோற்றம் மங்கிவிட்டது.

திவானின் ஏழரை மாதம்

உறுதியின்மையின் நடுவே செலவு மதிப்பீடு செய்தவர்களைப் பேசுமிடத்துக் கொச்சியோடு தொடர்புடைய தமிழர் ஒருவரை விடுதல் இயலாது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக இருந்தவர். சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்திற்கு உரை கண்டவர். தமிழிசை இயக்கத்தில் ஈடுபட்டவர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராக 1947 நவம்பர் 26 அன்று அவர் அளித்த அறிக்கை, 1947 ஆகத்து 15 முதல் 1948 மார்ச்சு 31 வரையிலான ஏழரை மாதத்திற்கு மட்டுமே உரியது. வருவாய் ரூ.171.15 கோடி, செலவு ரூ.197.39 கோடி, அச்செலவில் பாதுகாப்பிற்கு மட்டும் ரூ.92.74 கோடி. பஞ்சாபிலும் வங்கத்திலும் மக்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தனர். எத்தனை பேர் வருவர், எத்துணைக் காலம் அவர்களுக்கு உணவளிக்க வேண்டும் என்பன எவருக்கும் தெரியாதவை. பிரிவினைக்குட்பட்ட நாட்டின் வரி வருவாய் எவ்வளவு என்பதற்கு முன்னைய ஆண்டுகளின் கணக்கு வழிகாட்டாது.

அவ்வறிக்கையின் தனிச்சிறப்பு அதன் எண்களில் அன்று, கால அளவில் இருக்கிறது. தெரியாத காலத்திற்கு நீண்ட திட்டம் தீட்டாமல், கண்ணுக்கு எட்டும் தொலைவிற்கு மட்டும் கணக்கிட்டு, அடுத்த பிப்ரவரியில் மீண்டும் வருதல். 2020 இல் இத்தகைய குறுங்கால அறிக்கை எதனையும் நடுவணரசும் கேரள அரசும் ஆளவில்லை. ஆண்டு முழுமைக்கும் உரிய மதிப்பீட்டை முதலில் நிறைவேற்றிவிட்டுப் பின்னர்த் தொகுப்புகளாலும் ஆணைகளாலும் அதனைத் திருத்திச் சென்றனர். அரசியலமைப்பின் 205 ஆம் உறுப்பு துணை மானியங்களுக்கும், 206 ஆம் உறுப்பு ஆண்டின் ஒரு பகுதிக்கான முன்னனுமதிக்கும், 267 ஆம் உறுப்பு எதிர்பாராச் செலவு நிதிக்கும் வழி வைத்திருக்கின்றன. வழிகள் உள்ளன, ஆயினும் அவை மழை நாளுக்கான குடைகளேயன்றி வெள்ளத்திற்கான ஓடங்கள் அல்ல.

இருபதாயிரம் கோடியும் காலமும்

2020 மார்ச்சு 19 அன்று முதலமைச்சர் பினராயி விசயன் ரூ.20,000 கோடிக்கு ஒரு துயர்துடைப்புத் தொகுப்பை அறிவித்தார். நாடு தழுவிய ஊரடங்கு தொடங்குவதற்கு ஆறு நாள்கள் இருந்தன. நடுவணரசின் தொகுப்பு எதுவும் அப்பொழுது வெளிவந்திருக்கவில்லை. அதன் உறுப்புகள் வருமாறு: குடும்பசிரீ வழிக் கடன் ரூ.2,000 கோடி, வேலையுறுதித் திட்டத்திற்கு ஏப்ரல், மே மாதங்களில் ஆயிரம் ஆயிரமாக ரூ.2,000 கோடி, இரண்டு மாத நல ஓய்வூதியத்தை முன்னதாகவே வழங்க ரூ.1,320 கோடி, ஓய்வூதியம் பெறாத ஏழைக் குடும்பங்களுக்கு ஆயிரம் ரூபாய் வீதம் ரூ.100 கோடி, இலவசத் தானியத்திற்கு ரூ.100 கோடி, குறைந்த விலை உணவிற்கு ரூ.50 கோடி, நலவாழ்வுத் துறைக்கு ரூ.500 கோடி; அரசு தர வேண்டிய நிலுவைகளை ஏப்ரலுக்குள் தீர்க்க ரூ.14,000 கோடி.

இறுதி உறுப்பு கருதற்குரியது. பத்தில் ஏழு பங்கு, அரசு ஏற்கெனவே தர வேண்டியிருந்த கடன். மலையாளத்தில் அதன் பெயர் 'குடிச்சிக', தமிழில் நிலுவை. நிலுவையைத் தீர்ப்பது துயர்துடைப்பா என்று கேட்டவர் உண்டு. ஒப்பந்தக்காரருக்குச் சேர வேண்டிய பணத்தை அவருக்குக் கொடுப்பது கொடையாகாது என்பது அவர்கள் வாதம். அவ்வாதம் கணக்கின்படி சரியானது. ஆனால் கூலி பெறாத தொழிலாளிக்கு அடுத்த ஆண்டு வரக்கூடிய ரூபாயும் இம்மாதம் வரும் ரூபாயும் ஒன்றல்ல என்னும் மறுமொழியிலும் உண்மை உள்ளது. ஓய்வூதியமும் புதிய தொகையன்று. முன்னதாக வந்த தொகை. உணவகங்களைப் பற்றிய உறுப்பும் அவ்வாறே. இருபத்தைந்து ரூபாய்க்கு உணவளிக்கும் ஆயிரம் உணவகங்களைப் பிப்ரவரி அறிக்கையே கூறியிருந்தது. அவை செப்டம்பரில் தொடங்கவிருந்தன. மார்ச்சு அறிவிப்பு அவற்றை ஏப்ரலுக்கு இழுத்து, விலையை இருபதாகக் குறைத்தது. தொகுப்பின் பெரும்பகுதி 'எவ்வளவு' என்பதை விட்டு 'எப்பொழுது' என்பதையே மாற்றியது. நோயின் அளவு தெரியாத நிலையில் அரசின் கைக்குள் உண்மையாக இருந்த கருவி காலம் ஒன்றே.

அவ்வுணவகங்களின் பெயர் 'சனகீய ஹோட்டல்'. அங்கே கிடைப்பது 'ஊண்'. தமிழில் நூல்வழக்காகச் சுருங்கிவிட்ட இச்சொல் கேரளத்தின் தெருப்பலகைகளில் இன்றும் உயிருடன் இருக்கிறது. அவசரமாக எழுத்துப் பெயர்த்தவர் அதனை 'ஊன்' என்று எழுதிவிட்டால் சோறு இறைச்சியாகிவிடும். டண்ணகர றன்னகர வேற்றுமை என்று ஆசிரியர் இதனை மாணவர்க்குச் சொல்லுவதுண்டு. விலைப்பட்டியலில் அது பொருட்செலவுள்ள வேற்றுமை.

மார்ச்சு 28 அன்று கேரளத்தின் முதல் கோவிட் இறப்பு எறணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நேர்ந்தது. இறந்தவர் மட்டாஞ்சேரிப் பகுதியைச் சேர்ந்த முதியவர். அதன்பின் அப்பகுதியின் சந்தைத் தெருக்கள் ஊரடங்கால் மூடிக் கிடந்தன. மிளகு, இஞ்சி, ஏலம் ஆகியவற்றின் மொத்த வணிகத்தை நம்பிய சுமைத் தொழிலாளர் நாட்கூலியினர். அடுத்துள்ள கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கத் தமிழ்நிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டோர் எனக் கூறப்படும் வண்ணார் குடியினரின் சலவைக்கூடம் உள்ளது. அவர்கள் வீட்டுமொழி தமிழ். விடுதிகள் மூடப்பட்டால் அங்கே வெளுக்கத் துணி இல்லை. அவ்வாண்டு ஆகத்தில் மேற்குக் கொச்சி முழுமையும் நோய்த்திரளாக மாறியபொழுது தெருக்கள் மீண்டும் அடைக்கப்பட்டன. ரூ.20,000 கோடி என்னும் எண் அத்தகைய ஒரு வீட்டு வாசலை அடையும்போது ஆயிரம் ரூபாயாகவும் பொருள்கள் அடங்கிய ஒரு பையாகவும் உருக்கொண்டது. 2020 ஏப்ரலில் பதினேழு பொருள்களுடன் தொடங்கிய 'கிட்' ஏறத்தாழ 87 இலட்சம் குடும்ப அட்டைகளுக்கு உரியதாயிற்று. தமிழகத்தில் இதனைத் 'தொகுப்பு' என்றனர். ஆனால் அரசின் பெருந்திட்டத்திற்கும் தமிழில் தொகுப்பு என்றே பெயர். மலையாளத்தில் பாக்கேஜ் வேறு, கிட் வேறு. இவ்விடத்தில் கடன்சொற்கள் காட்டும் வேறுபாட்டைத் தமிழாக்கம் காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

வெளிமாநிலத் தொழிலாளரை 'அதிதி தொழிலாளி' என்று அழைக்கும் வழக்கும் கேரள அரசினுடையது. 'விருந்தினர்' என்று பெயரிட்டபின் உணவளித்தல் கடமையாகிவிடுகிறது. 'புலம்பெயர் தொழிலாளர்' என்னும் தமிழ்த்தொடர் ஒரு நிகழ்வைக் கூறுவதோடு நின்றுவிடுகிறது. பெயர்ப்போர் எதனைத் தேர்ந்தாலும் செலவுத் தலைப்பின் தொனி மாறும்.

வருவாயின் பக்கம்

செலவு பெருகிய அதே வாரங்களில் வருவாயின் வாயில்கள் அடைபட்டன. கேரளத்திற்குக் குலுக்குச் சீட்டும் மதுவும் பெரிய வருவாய்கள். சீட்டு விற்பனை மார்ச்சில் நிறுத்தப்பட்டது. மதுக்கடைகள் மே 28 வரை மூடியிருந்தன. ஏப்ரல் தொடக்கத்தில் மாநிலம் வெளிச்சந்தையில் கடன் பெற்றபொழுது பதினைந்தாண்டுப் பத்திரங்களுக்கு 8.96 விழுக்காடு வட்டி தர நேர்ந்தது. சில நாள்களுக்கு முன்னரே இந்திய ரிசர்வ் வங்கி தன் ரெப்போ விகிதத்தை 4.40 ஆகக் குறைத்திருந்தது. உறுதியின்மைக்குச் சந்தை குறித்த விலை இவ்விரு எண்களின் இடைவெளியில் ஓரளவு புலனாகிறது. மே 17 அன்று மாநிலங்களின் கடன் வரம்பு உள்மாநில உற்பத்தியில் மூன்றிலிருந்து ஐந்து விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அவ்விரண்டில் அரை விழுக்காடு மட்டுமே கட்டுப்பாடற்றது. எஞ்சியது சீர்திருத்தங்களோடு பிணைக்கப்பட்டது. ஆண்டிறுதியில், ஏறத்தாழ ரூ.1,14,600 கோடி என மதிப்பிட்ட வருவாய் வரவு ஏறத்தாழ ரூ.97,600 கோடியில் நின்றது.

இழப்பை ஈடுசெய்யச் சட்டம் ஒன்று இருந்தது. சரக்கு சேவை வரி தொடங்கிய 2017 முதல் ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுக்குப் பதினான்கு விழுக்காடு வளர்ச்சி என்னும் கணக்கில் மாநிலங்களின் வருவாய் உறுதியளிக்கப்பட்டிருந்தது. 2020 ஆகத்து 27 அன்று கூடிய அவ்வரி மன்றத்தில் பற்றாக்குறை ரூ.2.35 இலட்சம் கோடி எனக் கூறப்பட்டது. அதில் ரூ.97,000 கோடி வரிமுறை மாற்றத்தால் விளைந்தது, எஞ்சியது பெருந்தொற்றால் விளைந்தது என்ற பகுப்பும் முன்வைக்கப்பட்டது. கூட்டத்தின்பின் நடுவண் நிதியமைச்சர் பெருந்தொற்றைக் குறித்து ஆண்ட ஆங்கிலச் சட்டத்தொடர் நாடெங்கும் பேசப்பட்டது. தமிழ்ச் செய்தித்தாள்கள் அதனைக் 'கடவுளின் செயல்' என்றன. இதனினும் இயல்பாகத் தோன்றும் 'தெய்வச் செயல்' என்பதை ஆண்டிருந்தால் பொருள் தலைகீழாகியிருக்கும். 'தெய்வச் செயலாக மருத்துவர் அங்கே இருந்தார்' என்பது தமிழ் வழக்கு. எதிர்பாராத நன்மையையே அது பெரிதும் சுட்டும். மூலத்தொடரோ ஒப்பந்தக் கடமையிலிருந்து விலக்களிக்கும் இடையூற்றைக் குறிப்பது. 'மனித ஆற்றலுக்கு மேற்பட்ட இயற்கை நிகழ்வு' என விரித்தெழுதுதல் நீளமாயினும் பிழையற்றது. மாநிலங்களின் எதிர்ப்பு, அப்பொருள் நுணுக்கத்தின் மீதே எழுந்தது. நோயால் வந்த இழப்பு, உறுதிமொழிக்குள் அடங்குமா, வெளியே நிற்குமா? கடனை யார் பெறுவது என்பதே அதன் நடைமுறை வடிவம். அக்டோபர் 15 அன்று மாநிலங்களுக்காக நடுவணரசே ரூ.1.1 இலட்சம் கோடி கடன் பெறும் என்ற இணக்கம் பிறந்தது.

மாற்றிவைத்தலா, பிடித்தமா

ஏப்ரல் 23 அன்று கேரள அரசு, மாதம் ரூ.20,000 க்கு மேல் ஊதியம் பெறும் தன் பணியாளரிடமிருந்து மாதத்திற்கு ஆறு நாள் ஊதியத்தை ஐந்து மாதங்களுக்கு நிறுத்திவைக்க ஆணையிட்டது. கூட்டினால் ஒரு மாத ஊதியம். இது குறைப்பன்று, 'மாற்றிவய்க்கல்' என்றது அரசு. மலையாளத்தில் இவ்வினைக்கு ஒருபுறம் எடுத்து வைத்தல், பிற்காலத்திற்குத் தள்ளுதல் என இரண்டு பொருளும் உண்டு. பேச்சு வழக்கிலோ 'சம்பளம் பிடிக்கல்' என்ற சொல்லே பரவியது. தமிழில் 'மாற்றி வைத்தல்' இடம் மாற்றுதலையே சுட்டும். ஒத்திவைத்தல், தள்ளிவைத்தல் என்பன காலத்தைச் சுட்டும். பிடித்தம் என்றாலோ பணம் போனதாகவே பொருள். இந்நால்வகைச் சொற்களுள் எதனைக் கொள்வது என்பதே ஏறத்தாழ வழக்கின் மையமாக அமைந்தது. ஏப்ரல் 28 அன்று கேரள உயர்நீதிமன்றம் ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஊதியம் அரசியலமைப்பின் 300அ உறுப்பின்படி சொத்து. சட்டத்தின் வலுவின்றி அதனை ஒத்திவைப்பதும் மறுப்பதற்கு ஒப்பாகும். நிதி நெருக்கடி மட்டும் அதற்குக் காரணமாகாது என்பது நீதிமன்றத்தின் கருத்து.

அரசு சட்டத்தின் வலுவைத் தேடிக்கொண்டது. பேரிடரிலும் பொதுநல நெருக்கடியிலும் ஊதியத்தில் கால்பங்கு வரை ஒத்திவைக்க அதிகாரம் தரும் அவசரச் சட்டம் ஏப்ரல் இறுதியில் பிறந்தது. அதனை நிறுத்திவைக்க மே மாதத்தில் நீதிமன்றம் மறுத்தது. நிறுத்திய தொகை 2021 இல் தவணைகளாகத் திருப்பித் தரப்படலாயிற்று. ஆகவே அரசு சொன்ன சொல்லே காலத்தால் மெய்யாயிற்று எனலாம். எனினும் 2020 ஏப்ரலில் அது மெய்யாகும் என்பதற்கு அரசின் வாய்மொழியன்றி வேறு உறுதி இல்லை என்பதும் கருதத்தக்கது. முதியோரின் ஓய்வூதியம் காலத்தால் முன்னே வந்தது. பணியாளரின் ஊதியம் பின்னே சென்றது. ஒரே கருவூலம் இரு திசையிலும் காலத்தை நகர்த்தியது.

2021 சூன் 4 அன்று புதிய நிதியமைச்சர் கே.என். பாலகோபால் இரண்டாவது ரூ.20,000 கோடித் தொகுப்பை அறிவித்தார். நலவாழ்வு நெருக்கடிக்கு ரூ.2,800 கோடி, மக்கள் கைகளில் நேரடியாகச் சேர்வதற்கு ரூ.8,900 கோடி, வட்டி உதவியுடன் கூடிய கடன்களுக்கு ரூ.8,300 கோடி. 'கைகளில் நேரடியாக' என்ற தொடர் உடனே வினாவிற்குள்ளாயிற்று. எதிர்க்கட்சி அது புதிய ரொக்கமா எனக் கேட்டது. ஓய்வூதியங்களும் நிலுவைகளும் அதில் அடங்கும் என்று விளக்க வேண்டியதாயிற்று. நெருக்கடியைக் குறிக்க மலையாளம் ஆள்வது 'அடியந்தரம்'. அச்சொல்லுக்கு இறந்தோர்க்குச் செய்யும் சடங்கு என்றும் பொருளுண்டு. நலவாழ்வு அறிக்கையின் வாசகர் சிலரேனும் அவ்விரண்டாம் பொருளை அவ்வாண்டில் உணராதிருந்திருக்க மாட்டார்.

இறப்பின் வரையறை

செலவு மதிப்பீட்டில் ஒரு சொல்லின் வரையறை எத்துணைப் பொருளை அசைக்கும் என்பதற்கு மிகத் தெளிந்த சான்று இறப்புக் கணக்கில் உள்ளது. 2020 மார்ச்சு 14 அன்று நடுவண் உள்துறை கோவிடை 'அறிவிக்கப்பட்ட பேரிடராக'க் கருதி, மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து செலவிட இசைந்தது. இறந்தோர் குடும்பத்திற்கு நான்கு இலட்சம் ரூபாய் என்னும் பகுதியும் அம்மடலில் இருந்தது. அன்றே வந்த திருத்திய மடலில் அது இல்லை. நோயின் போக்கை அறியாத நிலையில், எண்ணிக்கை தெரியாத குடும்பங்களுக்கு நிலையான தொகை ஒன்றை உறுதியளிப்பதன் அச்சம் அத்திருத்தத்தில் வெளிப்படுகிறது.

2021 சூன் 30 அன்று உச்சநீதிமன்றம் உதவித்தொகைக்கான நெறிமுறை வகுக்கத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திற்கு ஆணையிட்டது. தொகையை நீதிமன்றம் குறிக்கவில்லை. செப்டம்பரில் அது ரூ.50,000 என முடிவாகி, அக்டோபர் 4 அன்று நீதிமன்றத்தின் ஏற்பைப் பெற்றது. கொடுக்க வேண்டியது மாநிலப் பேரிடர் நிதி. சோதனையில் நோய் உறுதியான நாளிலிருந்து முப்பது நாள்களுக்குள் நேர்ந்த இறப்பு, மருத்துவமனைக்கு வெளியே நேர்ந்ததாயினும் கோவிட் இறப்பாகும் என்று வரையறை விரிந்தது. அதன்பின் கேரளத்தின் அன்றாட அறிக்கைகளில், அந்நாளில் இறந்தோர் எண்ணிக்கையோடு முன்னைய மாதங்களில் இறந்து பட்டியலில் சேராதிருந்தோர் எண்ணிக்கையும் தனி வரியாக இடம்பெறத் தொடங்கியது. நோய் தணிந்துவந்த மாதங்களில் இறப்பு எண் உயர்ந்தது இவ்வாறுதான். அறிக்கையைப் பிறமொழிகளில் வெளியிட்ட செய்தித்தாள்களுள் சில இரு வரிகளையும் கூட்டி ஒரே நாளின் இறப்பாக எழுதின. மட்டாஞ்சேரியின் ஒரு குடும்பத்திற்கு அவ்விரு வரிகளின் வேறுபாடு, ஓராண்டிற்கு முன் எழுதப்பட்ட இறப்புச் சான்றில் காரணம் என்னும் கட்டத்தைத் திருத்தக் கோரி எழுதும் விண்ணப்பமாக இருந்தது.